சாகோஸ் கடலுக்கு ‘மொரீஷியஸ் பாஸ்’: மீதிப் பணத்தைக் கொடுக்கலாமா?

கேள்வி: குமரி மாவட்டம் தூத்தூர் பகுதியைச் சேர்ந்த நாங்கள் மூன்று பேர் கூட்டாக ஓர் ஆழ்கடல் விசைப்படகு வைத்திருக்கிறோம். சுறாவுக்கும் சூரைக்கும் ஆயிரங்கால் தூண்டில் போடும் படகு. டீகோ கார்சியாவை இங்கிலாந்து மொரீஷியஸுக்குக் கொடுத்துவிட்டது என்றும், மொரீஷியஸ் ‘பாஸ்’ எடுத்தால் அங்கே பயமில்லாமல் தொழில் செய்யலாம் என்றும் ஒரு ஏஜென்ட் சொல்கிறார். நான்கு லட்சம் கேட்கிறார், ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டோம். மீதியைக் கொடுக்கலாமா? அங்கே பிடிபட்டால் என்ன ஆகும்?

பதில்: மீதியைக் கொடுக்காதீர்கள். அந்தக் கடலில் தூண்டில் போட உங்களுக்கு முறையான அனுமதி வாங்கித் தரக்கூடிய ஏஜென்ட் யாரும் இல்லை.

அவர் சொல்வதில் கால் பங்கு உண்மை இருப்பதுதான் ஆபத்து. மொரீஷியஸ் 1968-இல் விடுதலை பெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பிரிட்டன் இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்தை அதிலிருந்து பிரித்துத் தன்னிடம் வைத்துக்கொண்டது. தீவுகளில் வாழ்ந்த மக்களை 1973-க்குள் வெளியேற்றியது. அந்தத் தீவுகளில் ஒன்றான டீகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் எழுந்தது. அப்படிப் பிரித்தது சட்டப்படி முறையாக நடக்கவில்லை என்று சர்வதேச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் கருத்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக, தீவுகளின் இறையாண்மை மொரீஷியஸுக்கு உரியது என்றும், டீகோ கார்சியா தளத்தை மட்டும் பிரிட்டன் 99 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும் என்றும் 2025 மே 22 அன்று இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஏஜென்ட் உங்களுக்குக் காட்டிய செய்தி இதுவாகத்தான் இருக்கும்.

ஒப்பந்தம் கையெழுத்தாவது வேறு, நடைமுறைக்கு வருவது வேறு. இரு நாடுகளும் தத்தம் சட்ட நடைமுறைகளை முடித்து, முடித்துவிட்டதாக ஒன்றுக்கொன்று எழுத்துமூலம் தெரிவித்த பிறகே இந்த ஒப்பந்தம் உயிர் பெறும். அப்படி உயிர் பெற்றாலும் உங்களுக்கு வழி திறக்காது. அந்தக் கடல் பரப்பை 2010-இல் பிரிட்டன் மீன்பிடிக்கவே கூடாத பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. அந்த அறிவிப்பில் மொரீஷியஸின் உரிமைகளை மதிக்கவில்லை என்று 2015-இல் ஒரு நடுவர் மன்றம் பிரிட்டனைக் கண்டித்தது உண்மைதான். சில ஏஜென்டுகள் அதையும் கையில் வைத்துக்கொண்டு ‘தடையே செல்லாது’ என்று பேசுகிறார்கள். அந்தத் தீர்ப்பு மொரீஷியஸுக்குக் கிடைத்த தீர்ப்பு. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து போகும் படகுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. புதிய ஒப்பந்தத்திலோ, மொரீஷியஸ் தன் பெயரில் கடல் பாதுகாப்புப் பகுதி அமைக்கப் பிரிட்டன் உதவும் என்றே எழுதியிருக்கிறார்கள். கொடி மாறினாலும் தடை தொடரும்.

கண்காணிப்பும் தொடரும், அதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. மொரீஷியஸ் பிரதமர் 2025 செப்டம்பரில் வாரணாசிக்கு வந்தபோது இந்தியா அறிவித்த உதவித் தொகுப்பில், சாகோஸ் கடல் பாதுகாப்புப் பகுதியை உருவாக்குவதும் கண்காணிப்பதும் ஓர் அம்சம். அதே பெருங்கடலில் உள்ள இன்னொரு தீவு நாடான செஷல்ஸுக்கு டோர்னியர் கண்காணிப்பு விமானங்களையும், 2021-இல் கொல்கத்தாவில் கட்டிய ரோந்துக் கப்பலையும் கொடுத்தது இந்தியாதான். ஆகவே உங்கள் படகை மறிக்க வரும் கப்பல் இந்தியாவில் கட்டப்பட்டதாகவே இருக்கக்கூடும். ‘நம்ம நாட்டு நட்பு நாடுதானே, விட்டுவிடுவார்கள்’ என்ற பேச்சைக் கடலோடு விட்டுவிடுங்கள்.

இந்தச் சின்னத் தீவு நாடுகள் ஏன் இவ்வளவு கடுமை காட்டுகின்றன என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். செஷல்ஸின் மொத்த நிலப்பரப்பு சுமார் 455 சதுர கிலோமீட்டர். நம் குமரி மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் அதன் பொருளாதார மண்டலக் கடல் (மீன்பிடிக்கும் உரிமை அந்த நாட்டுக்கே உள்ள, கரையிலிருந்து 200 கடல் மைல் வரையிலான பரப்பு) 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். விளைநிலமும் இல்லை, ஆலைகளும் அதிகம் இல்லை; சூரை மீனும் சுற்றுலாவும்தான் சோறு போடுகின்றன. ஐரோப்பியக் கப்பல்கள் அங்கே மீன்பிடிக்க ஐரோப்பிய ஒன்றியம் பணம் கட்டி வந்திருக்கிறது. பணம் கட்டாமல் உள்ளே வரும் படகை அவர்கள் திருட்டாக மட்டும் பார்ப்பதில்லை, நாட்டின் பாதுகாப்புச் சிக்கலாகவே பார்க்கிறார்கள். கொழும்பு பாதுகாப்பு மாநாடு என்ற பெயரில் இந்தியா, இலங்கை, மாலத்தீவு, மொரீஷியஸ் உள்ளிட்ட நாடுகள் கூடிப் பேசும் அமைப்பில் கடல் பாதுகாப்புத்தான் முதல் தூண். மாலத்தீவு 2010-இல் தன் கடல் முழுவதிலும் சுறாப் பிடிப்பைத் தடை செய்தது. தூத்துக்குடி மாவட்டத்துத் தருவைக்குளம் படகு ஒன்றுக்கு 2023-இல் 42 லட்சம் ருஃபியா, அதாவது நம் பணத்தில் 2 கோடி ரூபாய்க்கு மேல், அபராதம் போட்டதும் அதே நாடுதான். உங்கள் நான்கு லட்சத்தோடு அதை வைத்துப் பாருங்கள்.

இனி அந்த ‘பாஸ்’. மொரீஷியஸ் தன் கடலின் பிற பகுதிகளில் அயல்நாட்டுச் சூரைக் கப்பல்களுக்கு உரிமம் தருவது உண்டு. அதற்கு முதலில் கொடி நாட்டின், அதாவது இந்தியாவின், அனுமதி வேண்டும். நம் பொருளாதார மண்டலத்தைத் தாண்டித் தொழில் செய்ய மத்திய மீன்வளத் துறையின் அனுமதிக் கடிதம் தேவை. அடுத்து, இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தின் அனுமதிக்கப்பட்ட கலங்களின் பட்டியலில் உங்கள் படகு இருக்க வேண்டும். செஷல்ஸின் விக்டோரியாவில் இயங்கும் அந்த ஆணையம் பட்டியலை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. ஏஜென்ட் எதிரிலேயே, வீட்டில் படிக்கிற பிள்ளையை விட்டுப் படகின் பெயரைத் தேடச் சொல்லுங்கள். பெயர் இல்லையென்றால் அவர் காட்டும் எந்தத் தாளும் தாள்தான். இப்படி வரும் ‘பாஸ்’களை நான் பார்த்திருக்கிறேன்: வாட்ஸாப்பில் மங்கலான படமாக வரும், வண்ண முத்திரையும் கொடியும் பெரிதாக இருக்கும், படகின் பதிவு எண் இருக்க வேண்டிய இடத்தில் உரிமையாளரின் ஆதார் எண் இருக்கும். எந்த அயல்நாட்டு மீன்வளத் துறை ஆதார் எண் கேட்கிறது?

பிடிபட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். சாகோஸ் கடலில் பிடித்தால் படகை டீகோ கார்சியாவுக்குக் கொண்டு போவார்கள், ஸ்ராங்கின் (படகோட்டியின்) மேல் வழக்கு வரும், அபராதம் பவுண்டில், மீனும் தூண்டிலும் பறிமுதல். 2022-இல் நம் மாவட்டத்தார் சென்ற படகுகள் செஷல்ஸில் சிக்கியபோது, தொழிலாளர்கள் முன்னதாக ஊர் திரும்பினார்கள், படகோட்டிகளை வழக்குக்காக அங்கேயே நிறுத்திவைத்தார்கள். பாஸுக்குப் பணம் வாங்கிய ஏஜென்ட் அந்தக் கூண்டில் ஏறுவதில்லை என்பதை உங்கள் ஸ்ராங்கிடம் சொல்லுங்கள். ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73-ஆவது பிரிவின்படி, பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறைத் தண்டனை விதிக்கக் கூடாது. நியாயமான பிணைத்தொகை கட்டினால் படகையும் ஆட்களையும் உடனே விட வேண்டும். பிடித்த செய்தியை நம் அரசுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிடிபடும் படகுகளில் பாதி அதைத்தான் சொல்கின்றன: ‘இன்ஜின் பழுதாகி ஒழுக்கில் (நீரோட்டத்தில்) இழுத்துக்கொண்டு போய்விட்டது.’ உண்மையான ஆபத்தில் சிக்கிய கலத்துக்குக் கடல் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒக்கிப் புயலில் நம் படகுகள் லட்சத்தீவுக்கும் மகாராஷ்டிரத்துக்கும் ஒதுங்கியதை யாரும் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் சொல்லை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள், ஜி.பி.எஸ். கருவியைத்தான் கேட்பார்கள். ஒழுக்கில் போகும் படகின் தடம் ஒரே போக்காக, மெதுவாக இருக்கும். தூண்டில் விட்டு, காத்திருந்து, திரும்ப வந்து இழுத்த படகின் தடம் போய்வந்து போய்வந்து இருக்கும். இருபது மைல் ஒழுகியதாகச் சொன்னால் நம்புவார்கள், இருநூறு மைல் என்றால் நம்ப மாட்டார்கள். ஐஸ் அறையில் மேலே கிடக்கும் மீன் முந்தாநாள் பிடித்ததா, பத்து நாளைக்கு முன் பிடித்ததா என்பது மீனைப் பார்த்தாலே தெரியும். எனவே உண்மையிலேயே இன்ஜின் நின்றால், முதல் வேலையாகத் தூண்டிலை முழுக்க உள்ளே இழுத்துவிடுங்கள். வி.எச்.எஃப். ரேடியோவின் 16-ஆவது சேனலில் கூப்பிடுங்கள், பதில் வராவிட்டாலும் விடாமல் கூப்பிடுங்கள். படகின் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவி இருந்தால் அவசரப் பொத்தானை அழுத்துங்கள். அழுத்திய நேரம் பதிவாகும், அதுதான் உங்கள் சாட்சி. கழற்றிய இன்ஜின் பாகத்தைக் கடலில் எறியாதீர்கள். கணக்குத் தவறி டீசல் தீர்ந்துபோவதை எல்லா நீதிமன்றங்களும் ஆபத்தாக ஏற்றுக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

பிடித்த பிறகு அரசு என்ன செய்யும்? தூதரகம் வழியாகப் பேசும். ஆட்கள் வருவார்கள், பெரும்பாலும் படகு வராது. மேலே சொன்ன ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 292-ஆவது பிரிவின்படி, பிடித்த 10 நாட்களுக்குப் பிறகு கொடி நாடு ஹாம்பர்க்கில் உள்ள சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயத்தை நாடலாம். பிரான்ஸ் பிடித்துவைத்த ‘மோன்டே கான்ஃபூர்கோ’ கப்பலுக்காக 2000-இல் செஷல்ஸ் அப்படிப் போய், பிணைத்தொகையைப் பெரிதும் குறைத்தது. நம் கடலில் 2012-இல் இரண்டு மீனவர்களைச் சுட்டுக் கொன்ற கடற்படையினருக்காக இத்தாலி அதே தீர்ப்பாயத்துக்குப் போனது. இறந்தவர்களில் ஒருவர் நம் மாவட்டத்துப் பையன். ஓர் ஆழ்கடல் விசைப்படகுக்காக டெல்லி அந்த வாசலை மிதிக்கும் என்று நான் நம்பவில்லை. இங்கேயோ, படகு கேரளப் பதிவு என்றால் தமிழ்நாட்டு அலுவலகம் கொச்சிக்குக் கை காட்டும், தொழிலாளி தமிழ்நாட்டுக்காரர் என்றால் கொச்சி திருப்பி அனுப்பும். அதற்காகச் சோர்ந்துவிடாமல், அன்றைக்கே மீன்வளத் துறை உதவி இயக்குநரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் எழுத்தில் மனுக் கொடுத்து, வெளியுறவுத் துறையின் ‘மதத்’ இணையதளத்திலும் பதிவு செய்ய வேண்டும். சிறு அபராதங்களுக்கும் வழக்கறிஞருக்கும் தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். ‘தூதரகத்தில் ஆள் இருக்கிறது, ஐந்து லட்சம் அனுப்பு’ என்று அப்போதும் ஒரு ஏஜென்ட் வருவார். அபராதம் நீதிமன்றத்தில் ரசீதோடு கட்டப்படுவது, ஆள் கையில் கொடுக்கப்படுவதில்லை.

நீங்கள் ஏற்கெனவே கொடுத்த ஐம்பதாயிரத்தைப் பற்றி: ரொக்கமாகக் கொடுத்திருந்தால், கொடுத்த நாளையும் தொகையையும் குறிப்பிட்டு, ‘எப்போது திருப்பித் தருவீர்கள்’ என்று வாட்ஸாப்பில் சண்டையில்லாமல் கேளுங்கள், அவர் எழுதும் பதிலை அழிக்காதீர்கள். பதினைந்து நாளில் வராவிட்டால் அந்த உரையாடலின் நகலோடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மோசடிப் புகார் கொடுங்கள். பாஸ் எடுக்க வேண்டும் என்று படகின் பதிவுச் சான்றிதழின் அசலை அவர் வாங்கிப் போயிருந்தால், பணத்தைவிட முதலில் அதைத் திரும்ப வாங்குங்கள். அது அவர் கையில் இருக்கிற வரை மூன்று பங்குதாரர்களும் அவர் சொல்கிற இடத்தில்தான் நிற்க வேண்டியிருக்கும்.