கொர்மா மைல்டு தான் தம்பி, ஆனா நெஞ்செரிச்சலுக்கு ஆகாது

தம்பி, நீங்க எழுதுனதப் படிச்சிட்டு பதில் போடாம இருக்க முடியல. பர்மிங்ஹாம் வந்து நாலு மாசம் ஆச்சு, வெள்ளிக்கிழமை ஆனா டீமோட கறி ஹவுஸ் போறாங்க, நீ தான் இந்தியன்னு மெனுவ உங்க கையில குடுத்துடறாங்க, காரம் சாப்ட்டா ராத்திரி பூரா நெஞ்சு கரிக்குது, மைல்டா எதச் சொல்றதுன்னு கேட்ருக்கீங்க. நான் இந்த ஊருக்கு வந்து 16 வருஷம் ஆகுது, எங்க வீட்டுக்காரருக்கு இதே தொந்தரவு ரொம்ப நாள் இருந்துச்சு, அதனால இந்த மெனு கார்டு எனக்கு மனப்பாடம்.

மொதல்ல ஒண்ணு, அந்த மெனுவுல இருக்குற பேரு எதையும் நம்ம ஊர் அர்த்தத்துல படிக்காதீங்க. இங்க இருக்குற கறி ஹவுஸ்ல பெரும்பாலானது பங்களாதேஷ், அதுலயும் சில்ஹெட் பக்கத்துலேந்து வந்தவங்க நடத்துறது, இந்த நாட்டு நாக்குக்குன்னு அவங்க உருவாக்குன சமையல் அது. மெட்ராஸ்னு போட்டிருப்பாங்க, நம்ம ஊர்க் கொழம்பு மாதிரி இருக்கும்னு ஆசையா சொல்லிடாதீங்க, அந்த மெனுல மெட்ராஸ்னா காரம் ஜாஸ்தின்னு அர்த்தம், அவ்ளோதான். அதுக்கு மேல விந்தாலு, அதுக்கும் மேல ஃபால். ஜல்ஃப்ரேசில பச்சமொளகாய நீட்டுவாக்குல கீறிப் போட்டிருப்பாங்க, அதுவும் உங்களுக்கு வேண்டாம்.

சமையக்கட்டுல நடக்குறது தெரிஞ்சா கேட்டு வாங்குறது சுலபம். காலைலயே பெரிய அண்டாவுல வெங்காயம் நெறைய போட்டு ஒரு பொதுக் கிரேவி வேகவெச்சு அரச்சு வெச்சிருவாங்க, ஆர்டர் வந்ததும் வாணலில எண்ணெய் விட்டு மசாலா, மொளகாத்தூள் போட்டு இந்தக் கிரேவிய ரெண்டு கரண்டி ஊத்தி அஞ்சு பத்து நிமிஷத்துல எறக்கிருவாங்க. அப்போ மொளகாத்தூள் ஆர்டர் வந்தப்பறம் தான் சேருது, அதனால கறி எதுவா இருந்தாலும் மொளகா கொறச்சுப் போடுங்க, எண்ணெயும் கொறைங்கன்னு சொன்னா அவங்களால முடியும். ஆனா டிக்கா, சீக் கபாப் எல்லாம் முன்கூட்டியே மசாலாவுல ஊறவெச்சது, அதுல அப்பறம் ஒண்ணும் கொறைக்க முடியாது, சீக் கபாப்ல பச்சமொளகா கறியோடயே அரஞ்சிருக்கும்.

இப்போ நீங்க மைல்டுன்னு கேட்டதுக்கு எல்லாரும் கொர்மா சொல்லுன்னு தான் சொல்லுவாங்க. நாங்களும் அப்டித் தான் ஏமாந்தோம். ஒரு தடவ இவரு சமத்தா கொர்மா தான் சாப்ட்டாரு, காரம் துளி கூட இல்ல, தேங்கா, பாதாம், கிரீம், சக்கர, பாயசத்துக்குப் பக்கத்துல இருந்துச்சு. அந்தப் பித்தளைக் கிண்ணத்துல ஓரம் பூரா மஞ்சளா எண்ணெய் மெதந்து நின்னது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. ராத்திரி ரெண்டு மணிக்கு கட்டில்ல நிமிந்து உக்காந்துட்டு தொண்ட வரைக்கும் புளிச்சு எதுக்களிக்குதுன்னாரு, நான் ஹார்ட் அட்டாக்கோன்னு பயந்து ஆடிப் போயிட்டேன். விஷயம் என்னன்னா காரம் மட்டும் காரணம் இல்ல தம்பி, கொழுப்பு ஜாஸ்தியானா வயித்துலேந்து சாப்பாடு எறங்க நேரம் ஆகும், உணவுக்குழாய்க்கு அடியில இருக்குற வால்வும் தளரும், ஆசிட் மேல ஏறிரும். அதனால கொர்மா, பசந்தா, டிக்கா மசாலா, பட்டர் சிக்கன் இதெல்லாம் நாக்குக்குத் தான் மைல்டு. கடைசி ரெண்டுலயும் கிரீமோட தக்காளிப் புளிப்பும் சேருது, எனக்குத் தெரிஞ்சு நெஞ்செரிச்சல்காரங்களுக்கு அது தான் ரொம்ப மோசம்.

அப்போ என்ன சாப்புடுறதுன்னா, தந்தூரில சுட்ட சிக்கன் டிக்கா, இல்லன்னா மீன், கிரேவி இல்லாம. தயிர்ல ஊறுனது, எண்ணெய் சொட்டி எறங்கிரும், காரத்தக் கொறைக்க முடியாதுன்னாலும் அது மேலாப்புல தான் இருக்கும். கூட ப்ளெயின் ரைஸ், பிலாவ் ரைஸ் வேண்டாம் அதுல நெய் இருக்கும், ஒரு தால், தாளிப்புல மொளகா வேண்டாம் எண்ணெய் கம்மியா போதும்னு சொல்லிருங்க. நான் ரொட்டி வேணும்னா வெண்ண தடவாத ப்ளெயின் நான், இல்லன்னா தந்தூரி ரொட்டி. இது தான் எங்க வீட்டுக்காரர் வருஷக்கணக்கா சாப்புடுறது, தட்டப் பாத்தா நம்ம வீட்டுப் பருப்புச் சாதம் மாதிரி தான் இருக்கும்.

அப்பளம் வர்றப்போ கூடவே ஒரு தட்டுல மாங்கா சட்னி, எலுமிச்ச ஊறுகா, பச்ச வெங்காயம், புதினாத் தயிர் எல்லாம் வெப்பாங்க. வெறும் வயித்துல பேசிக்கிட்டே பச்ச வெங்காயத்த அள்ளிப் போடுறோம் பாருங்க, பாதி எரிச்சல் அங்கயே ஆரம்பிச்சிருது. புதினாவும் சில பேருக்கு ஆகாது, பில்லோட தர்ற மின்ட் சாக்லேட்டும் அப்டித் தான், அத பாக்கெட்ல போட்டுக்குங்க. பீர், கோக் எல்லாம் கேஸ் ஏத்தி மேல தள்ளும். மேங்கோ லஸ்ஸி குடிச்சா நாக்கு எரியுறது அடங்கும், ஆனா நாக்கு எரிச்சல் வேற நெஞ்சு எரிச்சல் வேற, பெரிய க்ளாஸ்ல குளுகுளுன்னு குடிச்சுட்டுப் படுத்தா திரும்ப ஏறும்.

நேரம் தான் ரொம்ப முக்கியம், உங்க லெட்டர்ல ஒம்போது மணிக்கு சாப்ட்டு பதினொண்ணுக்குப் படுத்தேன்னு எழுதிருக்கீங்க, அது தான் வெனை. சாப்ட்டு மூணு மணி நேரமாவது ஆகணும் படுக்குறதுக்கு. தலகாணி அடுக்குறதுல பிரயோஜனம் இல்ல, கட்டிலோட தலமாட்டுக் கால் ரெண்டுக்கும் அடியில கட்ட குடுத்து 10லேந்து 20 சென்டிமீட்டர் ஒசத்துங்க, எடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. முடிஞ்சா டீம்ல சொல்லி மாசத்துல ஒரு தடவயாவது லஞ்சுக்கு மாத்திப் பாருங்க, குழந்தைங்க இருக்குறவங்க நாலு பேராவது சந்தோஷமா ஒத்துப்பாங்க.

எடத்த நீங்க முடிவு பண்ற மாதிரி இருந்தா தென்னிந்தியக் கட, இலங்கைத் தமிழர் கட பாத்துக் கூட்டிட்டுப் போங்க. இட்லி, இடியாப்பம் சொதி, ஆப்பம் ஸ்டியூ, தயிர் சாதம், இதுக்கு மேல என்ன வேணும். சொதியும் ஸ்டியூவும் தேங்காப் பால் தான், அளவா ஊத்திக்குங்க. லண்டன் போனா ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் இந்த மாதிரி கடைங்க வரிசையா இருக்கு. மசால் தோசையும் வடையும் எண்ணெய், அத ஆசைக்கு ஒரு வாய்.

காரம் வேண்டாம்னா இவங்க என்ன நெனப்பாங்களோன்னு எழுதிருந்தீங்க, அது தான் எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு. பிள்ள பெத்தவளுக்கும் காய்ச்சக்காரனுக்கும் பத்தியம் வடிச்சுப் போட்ட ஊரு தம்பி நம்ம ஊரு, காரம் இல்லாத சாப்பாடும் நம்ம சாப்பாடு தான். வெயிட்டர்கிட்ட எனக்கு வயித்துக்கு ஆகாது, மொளகாயும் எண்ணெயும் கொறச்சுக் குடுங்கன்னு நேரா சொல்லுங்க, வீட்டுல அப்பா அம்மாவுக்கு இதே தொந்தரவு இருக்குறவங்க தான் அவங்களும், இது வர ஒருத்தர் கூட எங்ககிட்ட மொகம் சுளிச்சது இல்ல.

கடைசியா டாக்டர் விஷயம், இத தள்ளிப் போடாதீங்க. எங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் சூப்பர் மார்க்கெட்ல கேவிஸ்கான்னு நெஞ்செரிச்சல் மருந்து பாட்டில் வாங்கி வாங்கிக் குடிச்சு ஓட்டுனாரு, அப்பறம் ஜிபிகிட்ட, அதான் நம்ம ஏரியா குடும்ப டாக்டர்கிட்ட போனா ஹெச் பைலோரின்னு ஒரு பாக்டீரியாவுக்கு டெஸ்ட் எடுத்தாங்க, இருந்துச்சு, ஏழு நாள் ஆன்டிபயாடிக்ல பாதி தொல்ல போச்சு. ஒமெப்ரசோல் மாதிரி ஆசிட் கொறைக்குற மாத்திர சாப்டுறீங்கன்னா டெஸ்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தணும், அத ஜிபிகிட்ட மறக்காம சொல்லுங்க. வாரத்துல முக்காவாசி நாள் எரிச்சல் இருந்து அது மூணு வாரம் ஓடுச்சுன்னா அப்பாயின்ட்மென்ட் போட்ருங்க, முழுங்குறப்போ சாப்பாடு சிக்குது, காரணமில்லாம எட கொறையுது, வாந்தி அடிக்கடி வருதுன்னா அவ்ளோ நாள் கூட காத்திருக்காதீங்க. நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவுனா சாப்பாட்டுனாலன்னு நெனச்சு இருந்துராதீங்க, உடனே 999க்கு போன் பண்ணி ஆம்புலன்ஸ் கூப்புடுங்க.

இந்த வெள்ளிக்கிழமை சிக்கன் டிக்கா, ப்ளெயின் ரைஸ், தால் சொல்லிப் பாருங்க, வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் அம்மாகிட்ட போன்ல பேசிட்டு அப்பறம் படுங்க. ராத்திரி எப்டி இருந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க தம்பி.