மேடைக்குத் துவக்கு வேண்டாம், சைக்கிள் சத்தம் போதும்

கேள்வி: பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு வீட்டு வன்முறை, துப்பாக்கி வன்முறை பற்றி நாடகம் போட நினைக்கிறேன். பிள்ளைகள் தாங்குவார்களா? சனம் ஏற்றுக்கொள்ளுமா? வன்னியில் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நாடகமும் அரங்கியலும் படிப்பித்து வருகிறேன். பிள்ளைகள் தாங்குவார்கள், சனமும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் நான் முதன்முதலில் செய்தது போலச் செய்தால் இரண்டும் நடக்காது. ஆகையால் அந்தப் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

2014ஆம் ஆண்டு, யுத்தம் முடிந்து ஐந்து வருடம். பாடசாலைக் கலைவிழாவுக்கு ஒரு நாடகம் பழக்கினேன். குடித்துவிட்டு வரும் தகப்பன், அடி வாங்கும் தாய், கடைசிக் காட்சியில் துவக்கோடு வரும் ஒருவன். சித்திரம் படிக்கும் பெடியன் ஒருவன் வேப்பம் பலகையில் துவக்கு வெட்டி, சப்பாத்து மை பூசிக் கொண்டுவந்தான். பத்தடி தள்ளி நின்றால் மரம் என்று தெரியாது. நானும் அவனை மெச்சினேன். வெடிச் சத்தத்துக்குப் பால்மாப் பேணிக்குள் சீனவெடி வைத்தோம்.

வெடித்தது. மூன்றாம் வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்த தாய் ஒருவர் மடியில் இருந்த பிள்ளையை நிலத்தில் கிடத்தி, அதற்கு மேலே கவிழ்ந்துவிட்டார். யோசித்துச் செய்ததில்லை அது. உடம்பு தானாகச் செய்தது. பக்கத்துக் கதிரைகளில் இருந்தவர்களும் குனிந்துவிட்டார்கள். மேடையில் சுடுகிறவனாக நின்றவனுக்குப் பதினாறு வயது, 2009இல் பதினொன்று. அவனே துவக்கைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டான். மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. அந்தத் தாய் எழும்பிச் சேலையைத் தட்டிவிட்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அடுத்த நாள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ரீச்சர், நீங்களும் அங்கை இருந்தனீங்கள்தானே" என்றார். இருந்தேன். இருந்தும் எனக்கு அது தோன்றாமல் போனதுதான் வலித்தது.

அதற்குப் பிறகு என் பிள்ளைகளின் நாடகத்தில் துவக்கும் இல்லை, வெடியும் இல்லை, மேடையில் ஒரு அடிகூட விழுவதில்லை. அடி வாங்கிய ஒருவருக்கு அடி எப்படியிருக்கும் என்று நாம் காட்டத் தேவையில்லை. அடிக்கிறவனோ மேடையில் பார்க்கிற ஆளைத் தன்னோடு ஒப்பிட்டு, நான் இவ்வளவு மோசமில்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவான். இது என் அனுமானமில்லை, கலைவிழா முடிந்து தேத்தண்ணி குடிக்கும் இடத்தில் காதால் கேட்டது.

அப்படியானால் என்னத்தைக் காட்டுவது? எனக்கு வழி காட்டியது தரம் பத்தில் இருந்த ஒரு பிள்ளை. வீட்டுக் கதை எழுதச் சொன்னால் எல்லாரும் பொய்தான் எழுதுவார்கள். எழுதவும் வேண்டும், அது அவர்களுடைய பாதுகாப்பு. அதனால் பின்னேரம் ஆறரைக்கு வீட்டில் கேட்கும் சத்தங்களை மட்டும் எழுதச் சொன்னேன். தேங்காய் துருவுகிற சத்தம், கோழி அடைகிற சத்தம், பக்கத்து வீட்டு ரீவி. இந்தப் பிள்ளை 'சைக்கிள் ஸ்டாண்ட்' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

"அதென்ன சத்தம்?" என்று கேட்டேன்.

"ஸ்டாண்ட் தட்டுறதிலையே தெரிஞ்சிடும் ரீச்சர். ஒரேயடியாத் தட்டி நிப்பாட்டினா நல்லம். ரெண்டு மூண்டு தரம் தட்டுப்பட்டா நாங்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போயிடுவம்."

நாடகம் அங்கே பிறந்தது. இருபது நிமிடம். தகப்பன் மேடைக்கே வரமாட்டார். ஒரு அடுப்படி, ஒரு தாய், மூன்று பிள்ளைகள். படலை கிறீச்சிடும். சைக்கிள் உருண்டு வரும். ஸ்டாண்ட் ஒருதரம் தட்டுப்படும். எல்லாரும் அப்படியே நிற்பார்கள். இரண்டாம் தரம். தாய் கொதிக்கிற சோற்றுப் பானையை இறக்கி, யாருக்கும் எட்டாத மூலைக்கு நகர்த்துவார். மூத்தவள் திருவலையையும் கத்தியையும் சாக்குக்குக் கீழே தள்ளுவாள். சின்னவன் தன்னுடைய தேர்ச்சி அறிக்கையைப் பாய்க்குக் கீழே வைப்பான். மூன்றாம் தரம். விளக்கு அணையும். பிறகு விடிந்த காட்சி. வைகாசி வெக்கையில் தாய் சேலைத் தலைப்பால் போர்த்திக்கொண்டு முற்றம் கூட்டுகிறார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்ன பிள்ளை, இந்த வெக்கையிலை போர்த்துக்கொண்டு?" "குளிருது அக்கா." அவ்வளவுதான்.

இந்த நாடகத்துக்கு முன் அதிபர் ஒருவர், "எங்கட ஊரிலை இப்படி இல்லையே, ஏன் பிள்ளைகளுக்குக் காட்டுறியள்?" என்று கேட்டார். 2019இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுவதும் பெண்களிடம் எடுத்த ஆய்வைக் காட்டினேன். துணையோடு வாழ்ந்த அல்லது வாழும் பெண்களில் 20.4 வீதமானவர்கள் அந்தத் துணையிடமிருந்து வாழ்நாளில் ஒருமுறையாவது உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். ஐந்தில் ஒருவர். "சேர், மண்டபத்திலை இருநூறு அம்மாமார் வந்து இருப்பினம்" என்றேன். அவர் கணக்குப் பாட வாத்தியார். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்து வைத்துவிட்டார்.

நாடகம் முடிந்த பிறகு தகப்பன் ஒருவர் என்னிடம் வந்து, "அந்தச் சைக்கிள் சத்தம் ஆற்றை வீட்டுக் கதை ரீச்சர்?" என்று கேட்டார். எந்தப் பிள்ளையையும் காட்டிக்கொடுக்க ஏலாது. "கன வீட்டுக் கதை அண்ணை" என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே போனார்.

இந்த மண்ணில் இதைப் பேச வேறு இடத்திலிருந்து ஒன்றும் கொண்டுவர வேண்டியதில்லை. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, உப்புநீரில் விளக்கெரிக்கிற சனம் நாங்கள். கோவலன் கூத்தை விடிய விடிய இருந்து பார்த்த அம்மம்மாமார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கையில் சிலம்போடு போய் அரசனிடம் நியாயம் கேட்ட பெண்ணைத் தெய்வமாக வைத்திருக்கிறோம். ஒருநாள் வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பிள்ளையொன்று எழும்பி, "ராசாவிட்டை வழக்குக் கேட்டவ, கோவலனிட்டை ஏன் ரீச்சர் ஒண்டும் கேக்கேல்லை?" என்றாள். எனக்கு மறுமொழி வரவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே அடுத்த நாடகத்தின் முதல் வசனமாக வைத்தோம்.

அந்த அடுத்த நாடகம்தான் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்குப் பதில். துப்பாக்கி வன்முறை என்றவுடன் இங்கே எல்லாருடைய நினைவும் யுத்தத்துக்குப் போகும். அதைப் பேச முன்னோடிகள் இருக்கிறார்கள். 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த 'மண் சுமந்த மேனியர்' யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆடியதுதான். ஆனால் இன்றைக்கு உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் 2009இல் கைக்குழந்தைகள். அவர்கள் கண்ணால் கண்ட துவக்கு வேறு. காட்டுப் பன்றிக்கு என்று சில வீடுகளில் முகட்டு வளையில் செருகிக் கிடக்கும் இடியன் என்ற நாட்டுத் துவக்கு. வயல் ஓரத்தில் கம்பி இழுத்துக் கட்டி, பன்றிக்குப் பதிலாக விறகுக்குப் போன மனுசனின் காலை எடுக்கும் கட்டுத்துவக்கு. அந்த இடியனின் நிழலில் ஒரு பெண் இருக்கிறாள். அவன் அதைக் கையிலேயே எடுக்கத் தேவையில்லை. சாப்பிட்டுக்கொண்டே முகட்டை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தால் போதும், அவள் வாயை மூடிவிடுவாள். பிள்ளைகள் இதை நடித்தபோது முகட்டில் ஒன்றுமே கட்டவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான், மண்டபம் முழுக்க நிமிர்ந்து பார்த்தது.

இந்த நாடகத்தை விவாத அரங்காகச் செய்தோம். பிரேசிலைச் சேர்ந்த அகஸ்தோ போவால் வளர்த்தெடுத்த முறை அது. பிரச்சினை முற்றும் இடத்தில் நாடகத்தை நிறுத்தி, பார்க்கிறவர்களை மேடைக்கு வந்து மாற்றிச் செய்யச் சொல்வது. அவர் சொன்ன இரண்டு சம்பவங்களை நான் எந்த வகுப்பிலும் சொல்லாமல் விடுவதில்லை. ஒன்று, பிரேசிலில் நிலத்துக்காக இரத்தம் சிந்துவோம் என்று துவக்கைத் தூக்கிப் பாடி நடித்தார்கள். பார்த்த விவசாயி ஒருவர், "வாருங்கள், இந்தத் துவக்குகளோடு போய்ச் சண்டை பிடிப்போம்" என்று கூப்பிட்டார். அவை சுடாத துவக்குகள் என்று நடிகர்கள் ஒத்துக்கொள்ள வேண்டிவந்தது. சிந்தச் சொன்னது யாருடைய இரத்தத்தை என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. மற்றது, பேருவில் 1973 அளவில், புருசனால் ஏமாற்றப்பட்ட பெண்ணின் கதையை நடித்தபோது, அவள் என்ன செய்ய வேண்டும் என்று சபையில் இருந்த ஒருவர் சொல்லச் சொல்ல, நடிகர்கள் எப்படிச் செய்தும் அவருக்குத் திருப்தி வரவில்லை. நீங்களே வந்து செய்யுங்கள் என்றதும் மேடையேறிச் செய்துகாட்டினார். விவாத அரங்கு அங்கேதான் தொடங்கியது.

எங்கள் பிள்ளைகள் முதலில் எழுதிய முடிவில் அந்தப் பெண் இரவோடு இரவாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுகிறாள். நல்லாத்தான் இருந்தது. பிரேசில் கதையைச் சொல்லிவிட்டு, "ஏழு மணிக்குப் பிறகு பஸ் இல்லாத ஊரிலை அவ எங்கை போறது? ஆனை நிக்கிற றோட்டு" என்று கேட்டேன். முடிவை அழித்துவிட்டார்கள்.

சபையில் கேட்டபோது முதலில் ஆண்கள் வந்தார்கள். ஒருவர் விதானையாகி வந்து புத்தி சொன்னார். ஒருவர் தமையனாகி வந்து அதட்டினார். புருசனாக நடித்த பெடியன் ஒவ்வொருவர் முன்னாலும் தலை குனிந்துவிட்டு, அவர்கள் போனதும் மறுபடி முகட்டைப் பார்த்தான். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு அம்மம்மா எழும்பினார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் புருசனோடு ஒரு கதையும் கதைக்கவில்லை. "தம்பி, நீ கிணத்தடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வா மோனை" என்று அனுப்பிவிட்டு, கதிரையை இழுத்து ஏறி, இல்லாத துவக்கை இறக்கினார். அதைத் தொடக்கூட விருப்பமில்லாதவர் போலச் சேலைத் தலைப்பால் பிடித்தார். பிறகு வெடிமருந்துப் பையைத் தேடியெடுத்துத் தண்ணீர்க் குடத்துக்குள் போட்டார். அதற்குப் பிறகுதான் பெண்ணாக நடித்த பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, "இனிச் சொல்லு பிள்ளை" என்றார்.

2003இல் அமெரிக்காவின் 11 நகரங்களில் நடந்த ஆய்வொன்று வந்தது. அடிக்கிற ஆணின் கைக்குத் துப்பாக்கி எட்டுமானால் அந்தப் பெண் கொல்லப்படும் ஆபத்து ஐந்து மடங்கு என்று அது கண்டது. முதலில் துவக்கை அகற்று, பிறகு கதை. அந்த அம்மம்மா ஆய்வு ஒன்றும் படித்தவர் இல்லை.

அமெரிக்கா என்றதும் இன்னொன்று. 2018 பெப்ரவரி 14இல் புளோரிடாவின் பார்க்லண்ட் பாடசாலையில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, நாடக ஆசிரியை மெலடி ஹெர்ஸ்பெல்ட் 65 மாணவர்களைத் தன் வகுப்பறையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். அந்தப் பிள்ளைகள் பிறகு பாட்டாலும் நாடகத்தாலும்தான் பேசினார்கள். இதைச் சொன்னால் எங்கள் பிள்ளைகள், "அவையும் பங்கருக்குள்ளை இருந்தமாதிரியே ரீச்சர்?" என்று கேட்பார்கள். ஓம் என்பேன்.

பிள்ளைகள் தாங்குவார்களா என்று கேட்டீர்கள். எவரும் தன் வீட்டுப் பாத்திரத்தைத் தானே ஏற்கக் கூடாது. சைக்கிள் சத்தம் தந்த பிள்ளையை நான் மேடையேற்றவில்லை. திரைக்குப் பின்னால் அந்த ஸ்டாண்டைத் தட்டியது அவள்தான். அவளாகவே கேட்டு வாங்கிய வேலை. எப்போது தட்டுவது, எப்போது நிறுத்துவது என்பது அவள் கையில் இருந்தது. ஒத்திகை முடிந்தால் எல்லாரும் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி, தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். உளவளத்துணை ஆசிரியர் ஒருவரை முதல் ஒத்திகையிலிருந்தே பக்கத்தில் வைத்திருங்கள். பிள்ளை ஒன்று உண்மையிலேயே ஏதாவது சொன்னால், ஒருத்தரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது.

சட்டமும் நாடகத்துக்குள்ளேயே வரட்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவளுக்காகப் பொலிசாரும் விண்ணப்பிக்கலாம். இடைக்காலக் கட்டளையும் உண்டு, 14 நாளுக்குள் விசாரணை. கட்டளை 12 மாதம் வரை செல்லும். இதற்காக விவாகரத்து எடுக்கத் தேவையில்லை என்பதைக் கேட்டுத்தான் எங்கள் சபையில் ஒரு சலசலப்பே வந்தது. பெரிய ஆஸ்பத்திரிகளில், வீட்டில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் 'நட்பு நிலையம்' இருப்பதையும் சொல்லுங்கள். காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போகக்கூடிய இடம் அது.

1938 பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம், 1929 சிறுவர்களுக்கானது. இரண்டையும் பஸ் ரிக்கற் அளவு துண்டில் அச்சடித்தோம். வேறு ஒரு எழுத்தும் இல்லை, வீட்டில் கண்டாலும் என்னவென்று விளங்காது. வாசலில் நின்று கொடுக்காமல், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டைக்குள் வைத்தோம். தண்ணீர் குடிக்கப் போகிறவர் எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். வழக்கமாக இப்படியான துண்டுகள் நிகழ்ச்சி முடியக் கதிரைகளுக்குக் கீழே கிடக்கும். அன்றைக்கு நானும் பிள்ளைகளும் மண்டபத்தைக் கூட்டியபோது கச்சான் கோதும் சோடா மூடியும்தான் வந்தன. சிரட்டை வெறுமையாக இருந்தது.