அதிமதுரம் சரி, பிரஷர்?

பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டே மூன்று வாரமாகத் தினமும் அதிமதுரம் மெல்வதாகவும், தொண்டை வலி போய்ப் போய் வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். முதலில் அதிமதுரம் மெல்வதை நிறுத்துங்கள். அந்த வேரை மென்றால் எச்சில் கொழகொழவென்று ஊறி, புண்ணான தொண்டையில் ஒரு பூச்சு போலப் படியும், எரிச்சல் அடங்கும். ஆனால் அதன் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, பிரஷரை ஏற்றிவிடும். அதற்குப் பதில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளியுங்கள் (விழுங்காமல்!).

அப்புறம், சாதாரண சளித் தொண்டை பெரும்பாலும் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். மூன்று வாரம் அதிகம். சில பிரஷர் மாத்திரைகளே வறட்டு இருமலைக் கொடுத்துத் தொண்டையை அரிக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள், அதிமதுரம் மென்றதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.