'டெத் விஷ்' படங்களில் வரும் துப்பாக்கிகளில் உங்களை மிகவும் கவர்ந்தது எது, ஏன்?

மூன்றாம் பாகத்தில் வரும் பிரம்மாண்டமான வைல்டி மேக்னத்தைத்தான் பலரும் சொல்வார்கள். என் தேர்வு 1974இல் வந்த முதல் படத்தின் சின்ன .32 ரிவால்வர் (.32 என்பது குண்டின் விட்டத்தை அங்குலத்தில் குறிக்கும் எண்). கோல்ட் கம்பெனியின் போலீஸ் பாசிட்டிவ், நிக்கல் முலாம் பூசியது, ஆறு குண்டு போடலாம்.

சார்லஸ் பிரான்சன் நடித்த பால் கெர்சி, நியூயார்க்கில் கட்டட வடிவமைப்பாளர். கொரியப் போரின்போது ஆயுதம் ஏந்த மறுத்து மருத்துவப் பிரிவில் இருந்தவர். ரவுடிகள் வீடு புகுந்து மனைவியைக் கொன்ற பிறகும், தெருத் திருடர்களை எதிர்க்க அவர் முதலில் எடுப்பது துப்பாக்கி இல்லை, சில்லறைக் காசு நிரப்பிய ஒரு சாக்ஸ். அப்புறம் வேலை விஷயமாக அரிசோனாவின் டூசானுக்குப் போகிறார். ஊர் திரும்பும்போது அங்குள்ள கிளையன்ட் ஒரு பரிசு கொடுத்து அனுப்புகிறார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் உள்ளே இந்த ரிவால்வர்.

துப்பாக்கி இப்படி வந்து சேர்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும். நியூயார்க்கில் கைத்துப்பாக்கி வைத்திருக்க 1911இலிருந்தே லைசென்ஸ் வேண்டும். கெர்சி மாதிரி ஆள் நினைத்தவுடன் கடைக்குப் போய் வாங்கிவிட முடியாது. டூசானிலோ அது நண்பருக்குக் கொடுக்கும் பரிசு.

.32 ஒன்றும் பலமான தோட்டா இல்லை. ஆனால் ரிவால்வர் கோட் பாக்கெட்டில் அடங்கிவிடும். ரிவர்சைடு பூங்காவில் வழிமறித்த திருடனை முதன்முதலாகச் சுட்டுவிட்டு, கெர்சி வீட்டுக்கு ஓடி வந்து பாத்ரூமில் வாந்தி எடுக்கிறார். அந்தக் காட்சியின் கனம், கையில் இருப்பது சாதாரணத் துப்பாக்கி என்பதால்தான் நிற்கிறது. நிஜத்திலும் அப்படித்தான். 1984 டிசம்பரில் நியூயார்க் சுரங்க ரயிலில் நான்கு இளைஞர்களைச் சுட்ட பெர்னார்ட் கெட்ஸை அன்றைக்கே எல்லோரும் இந்தப் படத்தோடு ஒப்பிட்டார்கள். அவரிடம் இருந்ததும் ஐந்து குண்டு போடும் சின்ன .38 ரிவால்வர்தான். கொலை முயற்சிக் குற்றச்சாட்டில் விடுதலையானவர், லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்கு மட்டும் தண்டனை பெற்றார்.

சரி, வைல்டிக்கு வருவோம். 1985இல் வந்த மூன்றாம் பாகத்தில் கெர்சி இதைத் தபாலில் வரவழைக்கிறார். பொறியியலாக அருமையான பிஸ்டல், மறுக்கவே மாட்டேன். சுடும்போது எழும் வாயுவின் அழுத்தத்தில் இயங்குவது. அந்த அழுத்தத்தைத் தோட்டாவுக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம். அதில் போடும் .475 குண்டின் விட்டம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். ஆப்பிரிக்காவில் பெரிய விலங்குகளை வேட்டையாடும் தோட்டாவின் குட்டை வடிவம் என்று கெர்சி சொல்கிறார். உண்மையில் அதன் கூடு .284 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டாவின் கூட்டிலிருந்து வந்தது.

இந்தத் துப்பாக்கியை வைத்து எடுத்த காட்சிதான் எனக்கு ஒப்பவில்லை. கெர்சி தோளில் கேமராவை மாட்டிக்கொண்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி தெருவில் நடக்கிறார். ஒருவன் கேமராவைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான். ஓடுபவனை முதுகில் சுடுகிறார், தெருவே கைதட்டுகிறது. முதல் படத்தில் வாந்தி எடுத்த மனிதர் இங்கே எங்கே போனார்? கடைசியில் பிரவுனிங் மெஷின் கன்னையும் தாண்டி, ஒரு அறைக்குள் ராக்கெட் லாஞ்சரைச் சுடும் அளவுக்குப் போய்விடுகிறார். ஆனாலும் அந்தப் படம் கேபிள் டிவியில் வரும்போதெல்லாம் பிஸ்டலின் விற்பனை கூடியது என்று அதை வடிவமைத்த வைல்டி மூரே சொல்லியிருக்கிறார்.