பாரிஸிலிருந்து ஜெர்மன் அமேசானில் டிரைவ் வாங்கலாமா?

வணக்கம். 8 டிபி வெளி ஹார்ட் டிரைவ் (கணினிக்கு வெளியே இணைக்கும் சேமிப்புப் பெட்டி) ஜெர்மன் அமேசானில் விலை குறைவாகத் தெரிகிறது, பாரிஸுக்கு வரவழைத்தால் சுங்கவரி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வராது, இரண்டுமே ஐரோப்பிய ஒன்றியம்தான். ஆனால் பிரான்ஸ் முகவரியைப் போட்டதும் ஜெர்மனியின் 19% வாட் (மதிப்புக் கூட்டு வரி) போய் உங்கள் ஊர் 20% வந்து உட்காரும், கூடவே அனுப்பும் செலவு. அதனால் பணம் கட்டும் பக்கம் வரை போய்க் கடைசித் தொகையைப் பாருங்கள். உங்கள் பிரெஞ்சுக் கணக்கே அங்கேயும் செல்லும். அப்புறம், இத்தாலி, ஸ்பெயின் தளங்களையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள். அமேசான் விலைகளைப் பதிந்து வைக்கும் கீப்பா (Keepa) தளத்தில் பழைய விலைகள் கோடாகத் தெரியும். முந்தின வாரம் விலையை ஏற்றிவிட்டு இந்த வாரம் 'தள்ளுபடி' போட்டிருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். பிரிட்டன் மட்டும் வேண்டாம்: 2021 முதல் இறக்குமதி வாட் உண்டு, அடாப்டரும் உங்கள் ஊர் சாக்கெட்டில் பொருந்தாத மூன்று பின் பிளக்கோடு வந்து நிற்கலாம்.