பீட்டா மேக் ஓஎஸ்ஸில் போஸ்ட்கிரெஸ் பில்ட் பாதியில் நிற்பது ஏன்?

புதுச்சேரியில் பொறியியல் படிக்கும் நீங்கள், மேக் ஓஎஸ் பீட்டாவுக்கு (முழு வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) மாறியபின் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் மூலநிரலில், கணினியில் என்னென்ன வசதிகள் உள்ளன என்று சோதிக்கும் கான்ஃபிகர் ஒழுங்காக முடிந்தும், மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் கம்பைல் பாதியில் நின்றுவிடுகிறது என்றும், பிழை எவர் பக்கம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடலூரில் ஒரு சிறு அலுவலகத்தின் தரவுத்தளங்களைக் கவனித்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இத்தகைய சிக்கல்களில் பெரும்பாலானவை இயங்குதளத்தின் பதிப்பும், அதற்கான நிரல்களை உருவாக்கத் தேவையான கோப்புகளின் தொகுப்பான எஸ்டிகேயின் பதிப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாததால் வருபவை. எஸ்டிகேயும் அடங்கிய ஆப்பிளின் எக்ஸ்கோடு பல ஜிபி அளவுள்ளது என்பதால், நம் ஊர்ப் பக்கம் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்பவர்கள் இயங்குதளத்தை மட்டும் புதுப்பித்துவிட்டுக் கருவிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதுண்டு. எனவே இரண்டின் பதிப்பு எண்களையும் முதலில் ஒப்பிடுங்கள்.

இதன் மறுதலையாக, எஸ்டிகே முந்திக்கொள்வதும் நடக்கும். 2025இல் மேக் ஓஎஸ் 15.4க்கான எஸ்டிகே வந்தபோது, ஒரு சரத்தில் குறிப்பிட்ட எழுத்தைத் தேடித் தரும் ஸ்டர்ச்சர்நல் என்ற ஃபங்ஷன் அதில் புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தது. கான்ஃபிகர் அதை லிங்க் செய்து பார்த்து, "இருக்கிறது" என்று குறித்துக்கொண்டது. ஆனால் கம்பைலரோ, பில்டின் இலக்குப் பதிப்பு (நிரல் இயங்க வேண்டிய மிகப் பழைய மேக் ஓஎஸ் பதிப்பு) 15.4க்குக் கீழே இருந்தபோது, இந்த ஃபங்ஷன் 15.4 முதல்தான் கிடைக்கும் என்று சொல்லி நிறுத்திவிட்டது. அந்த இலக்கைக் குறிக்கும் டெப்ளாய்மென்ட் டார்கெட் மாறியை 15.4 என்று வைத்தால் தற்காலிகமாகத் தப்பலாம்; அந்த ஆண்டு மே மாதம் வந்த போஸ்ட்கிரெஸ் 17.5 வெளியீட்டில் சோதிக்கும் முறையையே திருத்திவிட்டார்கள். உங்கள் பீட்டாவிலும் இதே வகைச் சிக்கல் இருக்கக்கூடும் என்பதால், திரையின் கடைசி வரியை விட்டுவிட்டு முதல் பிழைச் செய்தியைத் தேடிப்பிடித்து, அதில் வரும் ஃபங்ஷனின் பெயரைக் கான்ஃபிகர் தன் சோதனைகளைப் பதிந்துவைக்கும் கான்ஃபிக் லாக் கோப்பில் தேடுங்கள். இருக்கிறது என்று அங்கே முடிவாகியிருந்தும் கம்பைலர் மறுக்கிறது என்றால் காரணம் அகப்பட்டுவிட்டது.

கம்பைல் முடிந்து சோதனைத் தொகுப்பு மட்டும் தோற்றால், மேக் ஓஎஸ்ஸின் சிஸ்டம் இன்டெக்ரிட்டி புரொடெக்ஷன் என்ற பாதுகாப்பு வசதி, நிரல் நூலகங்கள் இருக்கும் பாதையைச் சோதனை நிரல்களுக்குக் கடத்தவிடாமல் தடுத்திருக்கலாம். இன்ஸ்டால் செய்துவிட்டுச் சோதனையை ஓட்டினால் போதும். பாதுகாப்பை அணைக்க வேண்டியதில்லை. எக்ஸ்கோடைப் புதுப்பித்தபின் எக்ஸ்டென்ஷன்கள் (போஸ்ட்கிரெஸுடன் சேர்க்கும் கூடுதல் நிரல்கள்) மட்டும் பில்ட் ஆகவில்லையென்றால், போஸ்ட்கிரெஸ் பில்டின்போது பதிவான பழைய எஸ்டிகே பாதை இப்போது இல்லாமற்போயிருக்கும்; பிஜி சிஸ்ரூட் மாறியில் புதிய பாதையைக் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். புராஜெக்ட் தரவு அதே கணினியில் இருந்தால், பீட்டாவில் எதையும் தொடுமுன் டம்ப் (தரவின் முழு நகல்) எடுத்து வெளியே வையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் பில்ட் நின்றால், இயங்குதளம், எஸ்டிகே, போஸ்ட்கிரெஸ் ஆகிய மூன்றின் பதிப்பு எண்களையும் முதல் பிழைச் செய்தியையும் கான்ஃபிக் லாக்கையும் சேர்த்துப் போஸ்ட்கிரெஸ் குழுவுக்கு அனுப்புங்கள். பீட்டா காலத்திலேயே வரும் இத்தகைய அறிக்கை, முழு வெளியீட்டுக்கு முன்பே திருத்திவிட அவர்களுக்கு உதவும்.