ஜெர்மன் வாட்போர்ச் சுவடிகள்: கேள்வி பதில்

பழைய ஜெர்மன் வாட்போர்ச் சுவடிகளோடு சில வருடங்களாகக் குப்பை கொட்டுகிறேன். வார இறுதிகளில் கூர் மழுக்கிய வாளோடு பயிற்சியும் உண்டு. வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள்.

கேள்வி: இருப்பதிலேயே பழைய சுவடி எது அண்ணா?

இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்து ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐ.33 என்ற அடுக்கு எண்ணைச் சொன்னால்தான் யாருக்கும் புரியும். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. 32 தோல் ஏடுகள். உரை லத்தீன், நடுநடுவே ஜெர்மன் சொற்கள். பாதிரியார் ஒருவர் மாணவனுக்கு வாளும் கைக்கேடயமும் கற்றுத் தருகிறார். கடைசிப் பக்கங்களில் மாணவனைக் காணோம். வால்புர்கிஸ் என்ற பெண் அவரோடு மோதுகிறாள். அவள் யார், எப்படி வந்தாள் என்று ஒரு வார்த்தை கிடையாது!

கேள்வி: ஐயா, படத்தை மட்டும் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியாது. அப்படி முயன்று கட்டைவிரலில் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். ஜெர்மன் வாள் ஆசான் ஹன்ஸ் தால்ஹோஃபரின் 1467ஆம் ஆண்டுச் சுவடி மியூனிக்கில் உள்ள பவேரிய அரசு நூலகத்தில் இருக்கிறது. இணையத்தில் இலவசமாகவே புரட்டலாம். படங்கள் அபாரம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரிதான் விளக்கம். ஏற்கெனவே தெரிந்தவனுக்கு ஞாபகப்படுத்த அது போதும். நமக்கோ, முந்தைய நொடியில் அந்தக் கால் எங்கே இருந்தது என்பதே தெரியாது.

அதனால் நான் முதலில் போவது எழுத்து நிறைந்த சுவடிகளுக்குத்தான். இந்த மரபின் மூல ஆசான் யோஹான்னஸ் லீக்டனாவர், 14ஆம் நூற்றாண்டுக்காரர். கலையை எதுகையுள்ள ஈரடிகளாக, வேண்டுமென்றே பூடகமாகச் சொல்லி வைத்தார். கண்டவன் கையிலும் போய்விடக் கூடாதாம். பின்னால் வந்தவர்கள் வரிக்கு வரி உரை எழுதினார்கள். நூற்பாவும் உரையும் படித்துப் பழகிய நமக்கு இந்த அமைப்பு புதிதே இல்லை.

கேள்வி: உரை அப்படி என்னதான் சொல்கிறது? ஒரு உதாரணம் தாருங்களேன்.

சினவெட்டை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனில் ட்ஸோர்ன்ஹவ். எதிராளி தன் வலது தோளிலிருந்து வெட்டுகிறான்; நீங்களும் உங்கள் வலது தோளிலிருந்து அதே கோபத்தோடு வெட்டுகிறீர்கள். இரண்டு அலகுகளும் முட்டி நிற்கின்றன. இனிமேல்தான் விஷயமே. அவன் வாள் தளர்வாக இருக்கிறதா? முனையை நேரே முகத்துக்குள் செலுத்து. அழுத்துகிறானா? அவனோடு மல்லுக்கட்டாதே, வாளை மேலே உருவி, மறுபக்கம் இறக்கு. இந்த அழுத்தத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, கைதான் உணர வேண்டும். ‘உணர்தல்’ என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த ஓவியர் வந்தாலும் வரைய முடியாத இடம் இதுதான்.

கேள்வி: நிலைகளுக்கு மாடு, ஏர் என்றெல்லாம் பெயராமே?

ஆமாம், முதன்மை நிலைகள் நான்கு. ‘எருது’ என்றால் வாள் தலையருகே, முனை கொம்பு மாதிரி முன்னால் நீட்டியிருக்கும். ‘ஏர்’ என்றால் பிடி இடுப்பருகே, முனை எதிராளியின் முகத்தை நோக்கி. ‘முட்டாள்’ நிலையில் முனை தரையைப் பார்க்கும். நான்காவதில் வாளைத் தலைக்கு மேலோ தோளிலோ ஓங்கி வைத்திருப்பார்கள்.

கேள்வி: சார், அந்த வாளைத் தூக்கவே தனி பலம் வேண்டுமோ?

வேண்டாம். இருகை நீள்வாள் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவை ஒட்டித்தான்.

கேள்வி: ஒருவன் அலகைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியால் அடிக்கிற படம் பார்த்தேன். கை அறுந்து போகாதா? ஓவியர் தப்பாக வரைந்துவிட்டாரோ?

தப்பே இல்லை தம்பி. எஃகுக் கவசத்தை வெட்டிப் பிளப்பது சினிமாவில்தான். கவசக்காரனை அடிக்க வாளையே சம்மட்டி ஆக்கிக்கொள்கிறார்கள். கைப்பிடி நுனியில் உள்ள அடிக்குமிழோ, பிடிக்கும் அலகுக்கும் நடுவில் உள்ள குறுக்குக் கம்பியோ மண்டையில் இறங்கும். இல்லாவிட்டால் ஒரு கையால் அலகின் நடுவைப் பிடித்து, முனையை அக்குளிலோ முகமூடி இடுக்கிலோ செருகுவார்கள். இறுக்கிப் பிடித்தால் அலகு கைக்குள் வழுக்காது, வழுக்கினால்தான் அறுக்கும். அதற்காகச் சமையலறைக் கத்தியை எடுத்துச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

கேள்வி: ஒரு படத்தில் குழிக்குள் ஒரு ஆண், வெளியே ஒரு பெண். இது என்ன விளையாட்டு?

விளையாட்டில்லை, வழக்கு. இருவரும் மோதி, யார் பக்கம் நியாயம் என்று தீர்க்கும் நீதிச் சண்டை. தால்ஹோஃபர் வரைவித்த படங்களில் ஆண் இடுப்பளவு குழியில் கட்டையோடு நிற்கிறான். பெண் துணியில் கல்லை முடிந்து சுழற்றுகிறாள். ஆணின் பலத்தை ஈடுகட்டத்தான் குழி. அவள் ஜெயிப்பதும் இருக்கிறது, அவன் ஜெயிப்பதும் இருக்கிறது.

கேள்வி: கதிர் அரிவாள் சண்டைகூட உண்டாமே? யார் சேர்த்தது?

பவுலுஸ் ஹெக்டர் மைர், ஆக்ஸ்பர்க் நகர அதிகாரி. 16ஆம் நூற்றாண்டு, அதாவது இடைக்காலம் முடிந்த பிறகு. கதிர் அரிவாள், கதிரடிக்கும் கோல் வரை ஒன்றையும் விடாமல், ஓவியர் வைத்து வரையச் செய்தார். பழைய சுவடிகளையும் வாங்கிக் குவித்தார். பணம்? நகரக் கருவூலத்தில் கைவைத்திருக்கிறார். 1579இல் தூக்கில் போட்டுவிட்டார்கள். சுவடிகள் பிழைத்துக்கொண்டன, டிரெஸ்டன், மியூனிக், வியன்னா நூலகங்களில் இருக்கின்றன.